முதலில் கூடு, அப்புறம் கேமரா

அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போய்விட்டு வந்த நண்பர்கள் வீட்டில் உங்களுக்கும் இது நடந்திருக்கும். காபி வரும். கூடவே லேப்டாப்பும் வரும். 'இதெல்லாம் கடலுக்கு அடியில எடுத்தது' என்று வரிசையாகப் படம் காட்டுவார்கள். முதல் படம் நீலம். இரண்டாவது இன்னும் கொஞ்சம் நீலம். மூன்றாவதில் ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் ஏதோ நெளியும். 'ஆமை!' என்பார் நண்பர். ஒப்புக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. காபி கொடுத்திருக்கிறாரே.

நண்பர் பொய் சொல்லவில்லை. ஆமை நிஜமாகவே அங்கே இருந்தது. கேமராவும் மட்டமானதில்லை, கல்யாண வீட்டில் அதே கேமரா பிரமாதமாக எடுக்கிறது. அப்புறம் எங்கே தப்பு?

போன மாதம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். 'ஸ்கூபா கற்றுக்கொண்டுவிட்டேன். கையடக்கமாக ஒரு கேமராவும் அதற்கு வாட்டர்புரூஃப் ஹவுஸிங்கும் வாங்கவேண்டும். எது நல்லது? ஒரே வரியில் சொல்லவும்.' ஒரே வரியில் சொல்லலாம். ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் நீங்களும் நாளைக்கு யாருக்காவது காபி கொடுத்து நீலப்படம் காட்டுவீர்கள். (தப்பாக நினைக்காதீர்கள். நிறத்தைச் சொன்னேன்.)

கேமரா விமரிசனம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தரையில் வைத்து மார்க் போடுகிறார்கள். எத்தனை மெகாபிக்ஸல், எத்தனை மடங்கு ஜூம், இருட்டில் எப்படி. கடைசியில் போனால் போகிறதென்று 'தண்ணீருக்கடியிலும் உபயோகிக்கலாம்' என்று ஒரு வரி. கடலில் இறங்கினதும் இந்த மார்க் ஷீட் செல்லாது. அங்கே நீங்கள் படம் எடுப்பது காற்றின் வழியாக அல்ல, தண்ணீரின் வழியாக. தண்ணீர் என்பது சும்மா கிடக்கும் பொருளில்லை. அது நிறத்தைத் தின்னும்.

முதலில் போவது சிவப்பு. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே பெரும்பாலும் காலி. அடுத்தது ஆரஞ்சு, அதற்கடுத்தது மஞ்சள். கடைசியில் நீலமும் பச்சையும்தான் மிச்சம். இருபது மீட்டர் ஆழத்தில் கையில் கீறல் பட்டு ரத்தம் வந்தால் அது பச்சையாகத் தெரியும். முதல் முறை பார்க்கிறவர்களுக்குப் பகீரென்றிருக்கும். நம் மூளை கெட்டிக்காரத்தனமாக இதைக் கொஞ்சம் சரிக்கட்டிக்கொண்டுவிடுகிறது. கேமராவுக்கு அந்த தாட்சண்யம் கிடையாது. உள்ளதை உள்ளபடி நீலமாக எடுத்துத் தருகிறது.

இங்கே பலர் கவனிக்காத கணக்கு ஒன்று இருக்கிறது. தண்ணீர் தின்பது ஆழத்தை வைத்து மட்டுமில்லை, தூரத்தையும் வைத்து. நீங்கள் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறீர்கள். மீன் உங்களிடமிருந்து நாலு மீட்டர் தள்ளி இருக்கிறது. வெயில் ஐந்து மீட்டர் தண்ணீரைத் தாண்டி மீனின் மேல் பட்டு, அங்கிருந்து இன்னும் நாலு மீட்டர் தாண்டி லென்ஸுக்கு வரவேண்டும். மொத்தம் ஒன்பது மீட்டர் தண்ணீர். ஜூம் பண்ணினால்? மீன் பெரிதாகும். இடையிலிருக்கிற தண்ணீர் ஒரு சொட்டும் குறையாது. அதில் மிதக்கிற தூசு துரும்புகளும் மீனோடு சேர்ந்து பெரிதாகும். கடலுக்கடியில் ஜூம் என்பது காசு கொடுத்து வாங்கிய ஏமாற்றம்.

ஆகவே விதி ஒன்றுதான்: கிட்டே போ. கிட்டே போய்விட்டாயா, இன்னும் கிட்டே போ. ஒரு மீட்டருக்குள் எடுத்த படங்கள்தான் படங்கள். அதற்கு மேல் எல்லாம் 'நானும் அங்கே போயிருந்தேன்' என்பதற்கான ரசீது. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஷெல்ஃபில் இருக்கிற பாதி கேமராக்கள் தானாகக் கழன்றுவிடும். 

தண்ணீரின் இன்னொரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். ஒளி, தண்ணீரிலிருந்து தட்டையான கண்ணாடி வழியாக உள்ளே இருக்கிற காற்றுக்கு வரும்போது வளைகிறது. அதனால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாக, கால் பங்கு கிட்டத்தில் தெரியும். உங்கள் கேமராவின் 25 எம்.எம். அகல லென்ஸ் தண்ணீருக்குள் கிட்டத்தட்ட 33 எம்.எம். ஆகிவிடுகிறது. கிட்டே போகவேண்டும், ஆனால் கிட்டே போனால் முழு ஆமை அடங்காது. இதற்காகவே கூட்டின் மேல் திருகிக்கொள்கிற 'வெட் லென்ஸ்' என்று தனியாக விற்கிறார்கள். ஆரம்பத்தில் வேண்டாம். ஆனால் நீங்கள் வாங்குகிற கூட்டில் அதை மாட்ட மரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவையுங்கள்.

இப்போது கூட்டுக்கு வருவோம். ஹவுஸிங் என்பதை நான் கூடு என்றே எழுதுகிறேன். வாயில் வருகிறது.

தண்ணீருக்குள் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. சதுர செ.மீ.க்குச் சுமார் ஒரு கிலோ. கூட்டின் பின்கதவு 15க்கு 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது மீட்டரில் அதன்மேல் 450 கிலோ. கிட்டத்தட்ட ஒரு எருமை மாடு ஏறி நிற்கிறது. இந்த எருமையையும் உங்கள் கேமராவையும் பிரித்து வைத்திருப்பது ஒரு ரப்பர் வளையம். ஓ-ரிங். குக்கர் கேஸ்கெட் தெரியுமல்லவா, அதன் தம்பி. குக்கரில் உள்ளிருந்து வெளியே தள்ளும். இங்கே வெளியிலிருந்து உள்ளே.

இதில் வேடிக்கை என்னவென்றால், எருமை நமக்கு எதிரியில்லை. ஆழம் போகப்போக அழுத்தம் கதவை இன்னும் இறுக்கமாக மூடுகிறது. ரப்பர் நசுங்கி இடுக்கை அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலான கூடுகளில் தண்ணீர் புகுவது முப்பது மீட்டரில் அல்ல, படகிலிருந்து குதித்த முதல் சில மீட்டரில். அழுத்தம் இன்னும் பற்றாத இடத்தில். அதற்கும் காரணம் பெரும்பாலும் கம்பெனி இல்லை. ஓ-ரிங்கின் மேல் ஒரு மணல், ஒரு துண்டு நூல். எனக்குத் தெரிந்த ஒரு ஆடிட்டர், வவுச்சரில் ஐம்பது பைசா இடித்தாலும் விடாத மனுஷன், ஒரு தலைமுடியைக் கவனிக்காமல் மூடிவிட்டார். அவருடைய தலைமுடிகூட இல்லை. அவருக்கு அந்தப் பிரச்னை போய்ப் பல வருஷமாகிறது. இரண்டாவது மீட்டரில் கூட்டுக்குள் அரை டம்ளர் கடல். கேமரா அங்கேயே காலமானது.

பெட்டி மேல் '45 மீட்டர்', '60 மீட்டர்' என்று போட்டிருக்கிறதே, அதை வைத்து வாங்காதீர்கள். நீங்கள் எவ்வளவு ஆழம் போவீர்கள்? பயிற்சி இல்லாமல் ஒரு நாள் அனுபவத்துக்குக் கூட்டிப்போனால் 12 மீட்டர். முதல் நிலை பயிற்சி முடித்தவருக்கு 18. அதற்கடுத்த நிலைக்கு 30. எந்த உருப்படியான கூடும் இதைத் தாங்கும். நீங்கள் பார்க்கவேண்டியது வேறு. கதவு ஒரே ஓ-ரிங்கில் மூடுகிறதா, எளிதில் துடைக்கமுடிகிறதா, ஸ்பேர் கிடைக்குமா, கேமராவின் எல்லா பட்டன்களுக்கும் வெளியே ஒரு பட்டன் இருக்கிறதா. சில மலிவு கூடுகளில் ஷட்டரும் ஆன்-ஆஃபும் மட்டும்தான் வெளியே தெரியும். ஒயிட் பேலன்ஸ் மாற்றவேண்டுமென்றால் கரைக்கு வரவேண்டும்.

பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று ஒரு சண்டை உண்டு. பாலிகார்பனேட் கூடு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு சொட்டு நுழைந்தாலும் தெரியும், மேலே ஓடி வரலாம். விலையும் குறைவு. அலுமினியம் பல வருஷம் உழைக்கும், பட்டன்கள் வெண்ணெய் மாதிரி இருக்கும், சிலவற்றில் உள்காற்றைக் கொஞ்சம் உறிஞ்சிவிட்டுப் பச்சை விளக்கு எரிந்தால் கசிவில்லை என்று கரையிலேயே சொல்லிவிடுகிற ஏற்பாடும் உண்டு. ஆனால் விலை பல சமயம் உள்ளே இருக்கிற கேமராவையே எட்டிவிடும். கேமராவுக்குச் சட்டை வாங்கப் போய், சட்டைக்கு ஒரு கேமரா வாங்கின கதை.

என்னைப் போல பி.காம். படித்தவனுக்கு உறுத்துவது இங்கேதான். கேமராவுக்கு மறுவிற்பனை மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. கூட்டுக்குக் கிடையாது. ஒரு கூடு ஒரே ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும். கேமரா கம்பெனி அடுத்த வருஷம் ஒரு பட்டனை நாலு மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் போதும், உங்கள் கூடு ஒரு டிபன் டப்பா. கேமரா கெட்டுப்போய் அதே மாடல் கடையில் கிடைக்காவிட்டாலும் டிபன் டப்பாதான். 'சங்க் காஸ்ட்' என்று காலேஜில் படித்தோமே, மூழ்கிப்போன முதலீடு, அதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் தலைப்பில் சொன்னேன்: முதலில் கூட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கூடு நல்லது, எத்தனை வருஷம் கிடைக்கும் என்று பார்த்துவிட்டு அதற்குள் போகிற கேமராவை வாங்குங்கள். நம் ஆட்கள் தலைகீழாகச் செய்கிறார்கள்.

இந்தக் கண்ணோடு இரண்டு கேமராக்களைப் பார்க்கலாம்.

முதலாவது, சோனி ஆர்எக்ஸ்100. 2012-ல் முதல் மாடல். 2019-ல் ஏழாவது மாடல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,200 டாலருக்கு அறிமுகமானது. சட்டைப்பையில் போகிற சைஸில் ஓர் இஞ்ச் சென்சார். சாதாரண காம்பாக்ட் சென்சாரைப் போல நாலு மடங்கு பரப்பு. தரையில் இதோடு போட்டி போட அதன் சைஸில் ஆள் குறைவு. தண்ணீருக்குள்? படத்தின் தரம் நிச்சயம் உயர்ந்தது; மங்கலான ஒளியில் புள்ளி தட்டாது. ஆனால் ஏழாவது மாடலில் 24-லிருந்து 200 எம்.எம். வரை ஜூமை நீட்டியிருக்கிறார்கள். ஜூம் நமக்கு எதற்கு? அகலக் கோணத்தில் 8 செ.மீ. வரை கிட்டே போகலாம், ஆனால் அங்கே சின்னப் பிராணி சின்னதாகவே விழும். ஜூம் முழுக்க நீட்டினால் ஒரு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். ஆக, கட்டைவிரல் நகம் அளவு கடல் நத்தையை எடுக்கத் தனியாக வெட் லென்ஸ். கேமரா ஒரு விலை, அலுமினியக் கூடு ஒரு விலை, லென்ஸ் ஒரு விலை. முக்கியமான விஷயம்: கேமராவுக்குத் தண்ணீர் ஆகாது. கூட்டில் ஒரு முடி இருந்தால் ஆடிட்டர் கதைதான்.

இரண்டாவது, டிஜி-7. முன்பு ஒலிம்பஸ் டஃப் என்று வந்துகொண்டிருந்த குடும்பம். 2021-ல் கேமரா தொழில் தனிக் கம்பெனியாகி, இப்போது ஓஎம் சிஸ்டம் என்ற பேரில் வருகிறது. 2023-ல் சுமார் 550 டாலருக்கு அறிமுகம். சென்சார் சுண்டைக்காய் சைஸ். 12 மெகாபிக்ஸல். இதைக் கேட்டதும் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். தரையில் வைத்து மார்க் போட்டால் உங்கள் போனே இதைத் தோற்கடித்துவிடும்.

ஆனால் இது லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் ஆகும். மைக்ராஸ்கோப் மோடு என்று பேர். கூட்டின் கண்ணாடிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் அரிசி சைஸ் இறாலின் கண்ணை எடுக்கலாம். இதற்கு வேறு லென்ஸ் வேண்டாம். தண்ணீருக்குள் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்யத் தனி மோடுகள் இருக்கின்றன. ரா ஃபைலாகவும் எடுக்கும். அப்படியென்றால் வீட்டுக்கு வந்து நிறத்தை மீட்டுக்கொள்ள நிறைய இடம் உண்டு. ஜேபெக் மட்டும் எடுக்கிற கேமராவை நீருக்கடியில் கொண்டுபோவது, கையெழுத்துப் போட்ட வெற்று செக்கைத் தண்ணீரிடம் கொடுப்பது மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேல், இந்தக் கேமரா கூடே இல்லாமல் 15 மீட்டர் தாங்கும். 'அப்படியென்றால் கூடு எதற்கு, பிரதர்?' என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். பயிற்சி முடித்தவர் 18 மீட்டர் போவார். மூன்று மீட்டர் உதைக்கிறது. இன்னொரு காரணம்தான் எனக்கு முக்கியம்: கூட்டில் தண்ணீர் புகுந்தாலும் உள்ளே இருக்கிற கேமரா பிழைத்துக்கொள்ளும். பெல்ட்டும் போட்டு அரைஞாணும் கட்டிக்கொள்வது. இன்ஷூரன்ஸுக்குள் இன்ஷூரன்ஸ். முதல் முறை கூடு மூடக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி வேறு என்ன வேண்டும்?

குறை இல்லாமல் இல்லை. ஷட்டர் வேகத்தை நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. இருட்டினால் படத்தில் மணல் தட்டும். 2019-ன் டிஜி-6-க்கும் 2023-ன் டிஜி-7-க்கும் நடுவில் கம்பெனி செய்திருப்பது சார்ஜர் துளையை மாற்றினதும் பிடியைச் சற்று வாகாக்கினதும் மாதிரியான வேலைகள்தான். அதே 12 மெகாபிக்ஸல். நாலு வருஷம் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். வேறு எந்தக் கேமராவாக இருந்தாலும் இதற்காகவே கிழித்திருப்பேன். இங்கே அந்தத் தூக்கம் வாடிக்கையாளருக்கு லாபம். டிஜி-6-க்குச் செய்த அதே பிளாஸ்டிக் கூடு, பிடி-059, டிஜி-7-க்கும் பொருந்துகிறது. 45 மீட்டர் தாங்கும். பழைய கேமரா செத்தால் கூடு அநாதையாகாது. சுறுசுறுப்பான கம்பெனிகளிடம் இந்த உத்தரவாதம் கிடையாது.

ஓ-ரிங் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு சீலைஃப் மைக்ரோ 3.0 என்று ஒன்று இருக்கிறது. கதவே கிடையாது. நிரந்தரமாக ஒட்டி மூடிய பெட்டி. மெமரி, பேட்டரி எல்லாம் உள்ளேயே. 60 மீட்டர் போகும். மறதிக்காரர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஃபோகஸ் நிலையானது, மிகச் சின்ன ஜீவன்களை எடுக்க முடியாது. பேட்டரி ஓய்ந்துபோன அன்றைக்கு நீங்களாகத் திறந்து மாற்றவும் முடியாது. கோப்ரோ வகையறா வீடியோவுக்கு அருமை. தனியாகப் பத்து மீட்டர், கூட்டோடு 60. ஃபோட்டோ என்று வந்தால் எல்லாவற்றையும் தூரத்தில் தள்ளிவைத்துவிடும்.

போனைப் பற்றியும் கேட்பீர்கள். வாட்டர்புரூஃப் என்று விளம்பரத்தில் போனை நீச்சல் குளத்தில் போடுகிறார்கள். ஆப்பிள் ஐபோன் 12-லிருந்து பல மாடல்களுக்கு ஆறு மீட்டர், அரை மணி நேரம் என்று சொல்கிறது. அதே கம்பெனி, தண்ணீரால் ஏற்படும் சேதத்துக்கு வாரன்ட்டி இல்லை என்றும் சொல்கிறது. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படியுங்கள். தவிர, தொடுதிரை தண்ணீருக்குள் தொடுதலை உணராது. அதற்கும் பட்டன் வைத்த கூடுகள் வந்துவிட்டன. பாங்க் கணக்கு, ஆதார், அம்மாவின் குரல் எல்லாம் இருக்கிற ஒரு பொருளை ஒரு ரப்பர் வளையத்தை நம்பி பதினெட்டு மீட்டர் இறக்குவது உங்கள் தைரியம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு வெளிச்சத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். 1893-ல் பிரான்ஸின் பான்யூல்ஸ்-சுர்-மேர் கடற்கரையில் லூயி பூட்டான் என்ற உயிரியலாளர், சகோதரர் உதவியோடு ஒரு பெட்டி செய்து, கேமராவை அதற்குள் வைத்துக் கடலில் இறக்கிப் படம் எடுத்தார். உலகத்தின் முதல் சில கடலடிப் படங்கள் அவருடையவை. அழுத்தத்தைச் சமாளிக்கப் பெட்டியோடு ஒரு ரப்பர் பலூனைப் பிணைத்திருந்தார். ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்தது. சீக்கிரமே அவருக்குப் புரிந்துவிட்டது, பெட்டியும் லென்ஸும் போதாது, கீழே வெளிச்சத்தையும் கையோடு கொண்டுபோகவேண்டும் என்று. மரப் பீப்பாயில் ஆக்சிஜனை அடைத்து அதன்மேல் விளக்கெரித்து மக்னீசியப் பொடியை ஊதிப் பார்த்தார். இன்றைக்கும் நிலைமை அதுதான். பீப்பாய்தான் சுருங்கிவிட்டது.

ஃப்ளாஷ் போட்டால் சிவப்பு திரும்பி வரும். ஒரு மீட்டருக்குள் மட்டும். ஃப்ளாஷ் ஒளியும் போய்த் திரும்பவேண்டுமே, அதையும் தண்ணீர் தின்கிறது. கேமராவில் உள்ள ஃப்ளாஷை நேராக அடித்தால் இன்னொரு சங்கடம். மார்கழிப் பனியில் காரின் ஹை பீம் போட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எதிரில் வெள்ளைச் சுவர். அதே கதை. தண்ணீரில் மிதக்கிற துகள்கள் எல்லாம் மின்னும், மீனுக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். கலங்கலான நாளில் புதுச்சேரிக் கடலில் இது நிச்சயம். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வரவேண்டும். ஆகவே ஒரு கை நீளத்துக்குத் தள்ளிவைத்த ஸ்ட்ரோப் அல்லது டார்ச். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கிவையுங்கள். மெகாபிக்ஸலுக்குக் கொடுக்கிற காசை வெளிச்சத்துக்குக் கொடுத்தால் படம் மாறும். முதல் வருஷத்துக்கு ஆறேழு மீட்டர் ஆழத்தில், நல்ல வெயிலில், சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு எடுத்துப் பழகினால் அந்தக் காசும் மிச்சம்.

கூடே தேவைப்படாத கேமராக்களின் தாத்தாவையும் சொல்லவேண்டும். கப்பல் கேப்டன் கூஸ்தோவுக்காக பெல்ஜிய இன்ஜினீயர் ழான் டி வூட்டர்ஸ் வடிவமைத்த கலிப்ஸோ. அதை நிக்கான் எடுத்துக்கொண்டு 1963-ல் நிக்கோனாஸ் என்று விற்றது. கடலோடிகளின் கையில் நாற்பது வருஷம் இருந்தது. 2001-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் காலத்திலும் கூட்டுக்காரர்கள் இருந்தார்கள். ஆர்தர் சி. கிளார்க் ஸ்கூபாவுக்காகவே 1956-ல் இலங்கைக்குக் குடிவந்தவர். போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளிய திருகோணமலை கோணேசர் கோயிலின் தூண்களை அவரும் நண்பர் மைக் வில்ஸனும் கடலடியில் பார்த்தார்கள். 1957-ல் வந்த 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்' புத்தகத்தில் அதைப் பற்றி இருக்கிறது. ஒரு ரோலுக்கு 36 படம், மேலே வந்தால்தான் ஃபிலிம் மாற்றலாம் என்றிருந்த நாட்கள். இன்றைக்கு ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படம் எடுத்து வந்து அதில் ஒன்றைத் தேடுகிறோம்.

படம் அழகாக வருவது மட்டும் இங்கே பிரச்னையில்லை. பவளப்பாறைகள் வெளுத்துக்கொண்டிருக்கின்றன. கடல் சூடேறினால் பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிட்டு வெள்ளையாகிவிடும். சூடு நீடித்தால் செத்துப்போகும். உலகளாவிய நான்காவது வெளுப்பை 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். லட்சத்தீவும் அதில் அடிபட்டது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் ஏற்கெனவே நடந்தது. ஆகவே நீங்கள் இன்று எடுக்கிற பாறையின் படம், பத்து வருஷம் கழித்து அங்கே என்ன இருந்தது என்பதற்கு ஒரே சாட்சியாக இருக்கலாம். சாட்சி பொய் சொல்லக்கூடாது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், சிவப்பு ஃபில்டர், போனில் ஒரு தட்டல் என்று நிறத்தை ஏற்றிக்கொண்டே போனால் வெளுத்த பவளமும் ரோஜாப்பூ மாதிரி ஆகிவிடுகிறது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டத்தில் ஒரு சின்ன வண்ண அட்டை தருகிறார்கள். பவளத்துக்குப் பக்கத்தில் பிடித்து எந்த நிறம் என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளலாம். அதே அட்டையைப் படத்திலும் சேர்த்து எடுத்துவிட்டால் அப்புறம் நிறத்தை எவ்வளவு திருகினாலும் திரும்பி வர ஒரு அடையாளம் இருக்கும். 2019-ல் டெர்யா அக்கெய்னக், தாலி ட்ரெய்பிட்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 'ஸீ-த்ரூ' என்று ஒரு கணக்குமுறையே கண்டுபிடித்தார்கள். படத்திலிருந்து தண்ணீரையே கழித்துவிடுகிறது. அதற்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற தகவல் வேண்டும். அழகூட்டுவது வேறு, கழிப்பது வேறு.

கிட்டே போ என்றேனே, அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. புதிதாகக் கற்றவர் கேமராவைக் கையில் வாங்கியதும் தான் மிதக்கிறோம் என்பதை மறந்துவிடுகிறார். இரண்டு கையும் கேமராவில். கண் திரையில். காற்று மீட்டரைப் பார்க்க ஆளில்லை. துடுப்புக்கால் பவளத்தில் இடிக்கிறது. பாறை மாதிரி வளரும் பவளத்தில் சில வருஷத்துக்கு ஒரு செ.மீ.தான் வளர்கின்றன. ஒரு உதையில் முப்பது வருஷம் போய்விடும். நம் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்குக் கொடுத்திருக்கிற அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு 2001-லிருந்து உண்டு. உடைந்த கிளையை ஞாபகார்த்தமாக எடுத்துவருவதுகூடக் குற்றம். அசையாமல் ஓரிடத்தில் மிதக்க வரும்வரை கேமராவைப் படகிலேயே விட்டுவிட்டுப் போங்கள் என்று நல்ல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். கேமரா வாங்கினவர்கள் கேட்கமாட்டார்கள். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

வாசகருக்கான அந்த ஒரே வரி: டிஜி-7, அதன் பிளாஸ்டிக் கூடு, மிச்சக் காசுக்கு ஒரு வெளிச்சம். நூறு முறை இறங்கியான பிறகு, இதன் சென்சார் உங்களுக்குப் போதவில்லை என்று நீங்களே படத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறபோது சோனி மாதிரியான ஓர் இஞ்ச் ரகத்துக்குப் போகலாம். அதற்கு முன்னால் போவது கியர் போடத் தெரியாமல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது.

வாங்கியதும் செய்யவேண்டியது இது. கேமராவை உள்ளே வைக்காதீர்கள். கூட்டுக்குள் ஒரு டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடி வீட்டு பக்கெட்டில் அமுக்கி அரை மணி நேரம் வையுங்கள். எல்லா பட்டனையும் தண்ணீருக்குள்ளேயே அழுத்திப் பாருங்கள். பேப்பர் காய்ந்திருந்தால் பாஸ். கடலிலும் முதல் முறை வெறும் கூட்டோடு இறங்குங்கள். ஓ-ரிங்குக்குக் கம்பெனி தருகிற கிரீஸையே, மினுமினுக்கிற அளவு மட்டும் தடவுங்கள். அது ரப்பர் வழுக்கிப் பதிவதற்கு, ஓட்டையை அடைப்பதற்கில்லை. நிறையத் தடவினால் மணலுக்கு விருந்து. கூட்டை ஏ.சி. அறையில் மூடி, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் படகில் வைத்து மூடினால் கீழே போய்க் குளிர்ந்ததும் கண்ணாடி வியர்க்கும். மேலே வந்ததும் உப்புப் பூக்கவிடாமல் நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள், பட்டன்களை அங்கேயும் அழுத்திவிடுங்கள். தலையைத் துவட்டிக்கொண்டு, கையைத் துடைத்துக்கொண்டு அப்புறம் திறங்கள். ஈரத் தலையோடு குனிந்து திறந்தே எத்தனையோ கேமராக்கள் போயிருக்கின்றன. உள்ளே தண்ணீர் தெரிந்தால் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் கடைக்காரரிடம் இந்தக் கூட்டுக்கு ஸ்பேர் ஓ-ரிங் இருக்கிறதா என்று கேளுங்கள். 'அதெல்லாம் கெட்டுப்போகாது சார்' என்றால் அடுத்த கடை.